இடையன்குடிக் கோபுரமும் கால்டுவெல் ஐயரும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்

தமிழகத்தின் தென்கோடியில், நெல்லைச் சீமையில், திசையன்விளைக்கு அருகே இடையன்குடி என்றொரு சிற்றூர் உண்டு. செம்மணல் தேரியும் பனங்காடும் சூழ்ந்த ஊர். மழை குறைந்த மண். காற்று எழுந்தால் மணலும் எழுந்து நடக்கும் நிலம். அந்த ஊரின் நடுவே, பனைகளுக்குப் போட்டியாக ஒரு கற்கோயில் நிமிர்ந்து நிற்கிறது. கூர்முனை வளைவுகள், நீண்டு உயர்ந்த சாளரங்கள், மணிக்கூண்டு! இத்தகைய கட்டடக் கலையைக் கோதிக் பாணி என்பர். 12ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பிறந்து, பின் இங்கிலாந்தின் சிற்றூர்களிலெல்லாம் பரவி, இடைக்காலத்தின் முத்திரையாகவே நின்றுவிட்ட பாணி அது. ஆங்கில நாட்டுப்புறத்துப் பழங்கோயில்களைக் காண ஆசைப்படுவோர் கடல் கடந்து போக வேண்டியதில்லை. திருநெல்வேலியில் பேருந்து ஏறினால் போதும்.

கடலுக்கு அப்பால் இருந்த கோயில் வடிவம் பனங்காட்டுக்கு வந்தது எப்படி? அதைக் கொண்டுவந்தவர் யார்? அவர்தாம் தமிழ் மாணவர் அனைவரும் பெயரளவிலேனும் அறிந்த இராபர்ட்டு கால்டுவெல் ஐயர். சென்னைக் கடற்கரையில் 1968ஆம் ஆண்டு இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது சிலையாக நிறுத்தப்பட்டாரே, அவரேதான். சிலையைப் பார்த்தவர் பலர். அவர் நெடுங்காலம் வாழ்ந்த ஊரைப் பார்த்தவர் சிலர். ஆகவே ஊரின் வழியாகவே அவர் வரலாற்றைச் சொல்ல விழைகின்றேன்.

அவர் பிறந்தது அயர்லாந்து நாட்டில், ஆன்டிரிம் பகுதியில் கிளாடி என்னும் சிற்றாற்றங்கரையூரில், 1814ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்; செல்வர் அல்லர். பத்து வயதளவில் குடும்பம் கிளாஸ்கோ நகருக்குப் பெயர்ந்தது. இளமையில் ஓவியம் பயில டப்ளின் நகர் சென்றார். ஆனால் சமயப்பணி அவரை இழுத்தது. தூரிகையை வைத்துவிட்டு இலண்டன் மிஷன் சங்கத்தில் சேர்ந்தார். அச்சங்கம் அவரைக் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்திற்கு அனுப்பிப் படிக்க வைத்தது. அங்கே கிரேக்க மொழிப் பேராசிரியர் சாண்ட்ஃபோர்டு என்பவர் நடத்திய பாடங்களில், மொழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஆராயும் முறை அவர் உள்ளத்தில் வித்தாக விழுந்தது. நல்லாசிரியர் ஒருவர் வகுப்பில் போகிற போக்கில் தூவும் விதை எங்கே போய் முளைக்கும் என்று யார் கண்டார்? அது முளைத்தது நெல்லைத் தேரி மணலில்!

1837இல் பட்டம் பெற்றார். அந்த ஆண்டே மேரி ஆன் என்னும் கப்பலில் புறப்பட்டு, 1838 சனவரி 8ஆம் நாள் சென்னையில் இறங்கினார். அப்போது வயது 23. நம் மூன்றாமாண்டு அண்ணன்மாரைவிட இரண்டு மூன்று வயதுதான் கூடுதல். அதே கப்பலில் தெலுங்கறிஞர் சி.பி. பிரௌனும் பயணம் செய்தார். அவரோடு பழகியதில் இந்திய மொழிகளைப் பற்றிய முதலறிவு கப்பலிலேயே கிடைத்துவிட்டது.

சென்னையில் மூன்றரை ஆண்டுகள் தமிழ் கற்றார். பின்னர் 1841இல் பழைய சங்கத்தை விட்டு எஸ்.பி.ஜி. எனப்படும் ஆங்கிலத் திருச்சபைச் சங்கத்தில் இணைந்தார். அவருக்கு இடப்பட்ட ஊர் இடையன்குடி. போவதற்கு வழி? அவர் நடந்து போக முடிவு செய்தார். சிதம்பரம், தரங்கம்பாடி, கும்பகோணம், தஞ்சை, திருச்சி, பின்பு நீலகிரி, கோவை, மதுரை, நெல்லை என்று சுற்றிச் சுற்றிச் சென்ற நடை அது. ஏறத்தாழ 800 மைல். வழியில் நீலகிரியில் குருப்பட்டம் பெற்றார். மக்களின் பேச்சையும் வழக்கத்தையும் அறிய நடையைக் காட்டிலும் நல்ல பள்ளி இல்லை என்பது அவர் எண்ணமாக இருந்திருக்க வேண்டும். குதிரையிலும் பல்லக்கிலும் வெள்ளையர் சென்ற காலத்தில் தூசி படிந்த கால்களோடு ஒரு வெள்ளையர் ஊர் ஊராக வந்ததைக் கண்டு மக்கள் வியந்திருப்பர். சிலர் ஐயுற்றும் இருப்பர். 1841ஆம் ஆண்டின் இறுதியில் இடையன்குடி வந்து சேர்ந்தார். பிறகு அங்கிருந்து அவரை அசைக்க யாராலும் முடியவில்லை. 53 ஆண்டு இந்திய வாழ்வில் தாயகம் சென்றது மூன்றே முறை.

அன்றைய இடையன்குடி ஒழுங்கற்ற குடிசைகளின் தொகுதி. ஊரில் பெரும்பாலோர் பனையேறிகள். காலையும் மாலையும் பல மரங்கள் ஏறி இறங்கிப் பதநீர் இறக்கினாலன்றி அடுப்பு எரியாது. கால்டுவெல் நிலம் வாங்கி, நேரான தெருக்கள் வகுத்தார், கிணறு தோண்டினார், மரம் நட்டார், பள்ளி வைத்தார். இன்று அவ்வூர்த் தெருவில் நடப்போர்க்கு அந்த நேர்கோடு கண்ணில் படும்.

1844இல் அவர் திருமணம் செய்துகொண்டார். மணமகள் எலைசா, நாகர்கோயிலில் தொண்டு செய்த சார்லசு மால்ட் ஐயரின் மகள். நம் நாட்டிலேயே வளர்ந்த அம்மையார் ஆதலால் தமிழை மக்கள் பேசும் பேச்சாகவே அறிந்திருந்தார். கணவர் கற்றது ஏட்டுத் தமிழ். மனைவி வைத்திருந்தது வீட்டுத் தமிழ். ஒப்பிலக்கணம் எழுதியவரைப் புகழ்வோர் இந்த அம்மையாரைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். எனக்கு இது குறையாகவே படுகிறது. அவ்வாண்டே இடையன்குடியில் பெண்களுக்கென ஒரு விடுதிப் பள்ளியை எலைசா அம்மையார் தொடங்கினார். பெண் எழுத்தறிவதை வீட்டுக்கு ஆகாத செயலாக எண்ணிய காலம். பெண்பிள்ளைகளை அனுப்பத் தாய் தந்தையர் தயங்கினர். அம்மையார் எழுத்தோடு ரேந்தைப் பின்னலையும் கற்றுக்கொடுத்தார். நாகர்கோயிலில் அவருடைய தாயார் முன்பே தொடங்கிவைத்த தொழில் அது. நுண்ணிய நூலைக் கட்டைகளில் சுற்றி, ஊசி குத்திய திண்டின்மேல் முறுக்கியும் மாற்றியும் பின்னும் வேலை. கையில் காசு வரும் தொழில் ஒன்று பெண்ணிடம் இருந்தால், அவள் படிப்பை வீட்டார் அவ்வளவு எளிதில் நிறுத்த மாட்டார்கள். தறி ஓசையில் பிறந்து, தறியில் நெய்த சேலையின் கூலியில் கல்லூரிக் கட்டணம் கட்டுகிற எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இனிக் கோயிலுக்கு வருவோம். 1847இல் அடிக்கல் நாட்டினார்கள். முடிந்தது எப்போது தெரியுமா? 1880இல்! முப்பத்து மூன்று ஆண்டுகள்! பணம் வந்தபோது சுவர் எழும்பியது, வராதபோது நின்றது. கொத்தர்களுக்கோ கூர்முனை வளைவு புதிது. தாளில் வரைந்த படம் அவர்களுக்கு விளங்கவில்லை. கால்டுவெல் களிமண்ணைப் பிசைந்து வளைவுகளுக்கும் சாளரங்களுக்கும் தம் கையாலேயே மாதிரி செய்து காட்டினார் என்று சொல்வார்கள். டப்ளினில் வைத்துவிட்டு வந்த கலை, தேவைப்பட்ட வேளையில் கைகொடுத்தது. களிமண்ணைப் பார்த்து நெல்லைக் கொத்தன் கல்லைச் செதுக்கினான். ஐரோப்பிய இடைக்காலக் கோயிலின் சாயல் அப்படித்தான் பனங்காட்டில் பிறந்தது. 1880 சூலை 6ஆம் நாள் தூய திரித்துவ ஆலயம் என்னும் பெயரில் அது படைக்கப்பட்டது.

சென்ற கோடை விடுமுறையில் நண்பர் ஒருவருடன் அங்குச் சென்றிருந்தேன். நண்பகல் வெயில், வெளியே மணல் சுட்டது. உள்ளே காலெடுத்து வைத்ததும் ஒரு குளிர்ச்சி. உயர்ந்த சாளரங்கள் வழியாக ஒளி சாய்ந்து விழுந்தது. எங்கள் வட்டாரத்துக் கோயில்களில் கருவறையை நோக்கிப் போகப் போக இருள் கூடும். இங்கே பீடத்தை நோக்கிப் போகப் போக ஒளி கூடுகிறது. இரண்டிலும் மனிதன் தானாகவே குரலைத் தாழ்த்திக் கொள்கிறான். கோயிலுக்கு அண்மையில் அவர் வாழ்ந்த வீடும் இருக்கிறது. தமிழக அரசு அதைப் புதுப்பித்து 2011இல் நினைவில்லமாக்கியது. அந்த வீட்டில் நின்றபோது என் மனத்தில் எழுந்த வியப்பு ஒன்றே: நூலகம் இல்லாத, அறிஞர் கூட்டம் இல்லாத இந்த மணற்காட்டில் இருந்துகொண்டா மொழிநூல் உலகை அசைத்தார்?

ஆம், அசைத்தார். 1856இல் இலண்டனில் வெளிவந்தது அவருடைய திராவிட அல்லது தென்னிந்தியக் குடும்ப மொழிகளின் ஒப்பிலக்கணம். அதற்கு முன் அறிஞர் பலர், இந்திய மொழிகள் யாவும் வடமொழியின் பிள்ளைகளே என்று எண்ணினர். சென்னைக் கோட்டைக் கல்லூரியைச் சேர்ந்த எல்லிஸ் துரை 1816லேயே தென்மொழிகள் தனிக்குடும்பம் என்று எழுதிவிட்டார் என்பது உண்மை. அந்தப் பெருமையை எல்லிசுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் அவர் காட்டியது ஒரு கீற்று. கால்டுவெல்லோ ஒன்பது மொழிகளை எடுத்து, எழுத்து, வேர்ச்சொல், பெயர், எண், இடப்பெயர், வினை என்று வரிசையாக நிறுத்தி வழக்காடினார். 1875இல் வந்த இரண்டாம் பதிப்பில் மொழிகளின் தொகை பன்னிரண்டாயிற்று. தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், துளு, குடகு ஆகியவற்றோடு, எழுத்தில்லாத தோடரின் மொழியும் கோண்டரின் மொழியும் சம இருக்கை பெற்றன. அரசவையில் வளர்ந்த மொழிக்கும் காட்டில் வளர்ந்த மொழிக்கும் அங்கே வேற்றுமை இல்லை.

அவர் முறையை ஒரு தாவரவியல் மாணவன் எளிதில் புரிந்துகொள்வான். கத்தரியும் ஊமத்தையும் தக்காளியும் ஒரே குடும்பம் என்று வகுப்பில் படிக்கிறோம். இலையையும் உயரத்தையும் பார்த்தா சொல்கிறோம்? பூவை அறுத்து, சூலகத்தைப் பார்த்துச் சொல்கிறோம். மொழியிலும் அப்படியே. கடன் வாங்கிய சொற்கள் இலை போன்றவை. எண்ணுப் பெயர், மூவிடப் பெயர், வேற்றுமை உருபு, வினை முடிபு ஆகியவை பூ போன்றவை. தெலுங்கில் வடசொல் எவ்வளவு நிறைந்திருந்தாலும் பூவைப் பார்த்தால் குடும்பம் தெரிந்துவிடும். பெந்தமும் ஊக்கரும் தாவரக் குடும்பங்களைத் தொகுத்த பெருநூலின் முதற்பகுதி 1862இல்தான் வந்தது. கால்டுவெல் நூல் அதற்கும் ஆறாண்டு மூத்தது!

சான்றுக்கு நாம் வெகுதூரம் போக வேண்டா. கண்ணமங்கலம், ஆரணி வட்டாரத்து நெசவாளர் தெருக்களில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் சௌராட்டிரமும் காதில் விழும். நாம் மூன்று என்றால் தெலுங்கர் மூடு என்பர், கன்னடர் மூரு என்பர். நம் பால் கன்னடத்தில் ஹாலு. நம் புலி அங்கே ஹுலி. பகரம் ஹகரமான கதை அது. நாம் என்பதற்கும் நாங்கள் என்பதற்கும் தமிழில் வேறுபாடு உண்டல்லவா? எதிரில் இருப்பவனைச் சேர்த்துச் சொன்னால் நாம். விலக்கிச் சொன்னால் நாங்கள். தெலுங்கிலும் மனமு, மேமு என்று அந்த வேறுபாடு நிற்கிறது. வடமொழியில் இது இல்லை; ஆங்கிலத்திலும் இல்லை. சௌராட்டிரம் பேசும் வீட்டிலோ மூன்று என்பதைச் சொல்லும்போதே அது வடநாட்டு மொழிகளின் உறவு என்று தெரிந்துபோகும். ஒரே தெரு, ஒரே தறி, ஒரே பாவும் ஊடையும். ஆனால் பேச்சின் வேர் வேறு வேறு. சிறுவயது முதல் கேட்டுப் பழகிய இந்த ஒலிகளுக்குள் ஓர் அறிவியல் உறங்கிக் கிடந்தது என்பதை இந்த நூலைப் பற்றிப் படித்த பிறகே உணர்ந்தேன்.

தமிழ் வடமொழியின் துணையின்றியே தனித்து இயங்க வல்லது என்று அவர் துணிந்து கூறினார். இதில் ஒரு வியப்பு உண்டு. புறநானூறு அச்சேறியது 1894இல், பத்துப்பாட்டு 1889இல், சிலப்பதிகாரம் முழுமையாக வந்தது 1892இல். ஆகவே நாம் இன்று தமிழின் தொன்மைக்குச் சான்றாகக் காட்டும் சங்க நூல்களின் துணையில்லாமலே, இலக்கண அமைப்பை மட்டும் வைத்து அவர் அம்முடிவுக்கு வந்தார். சான்று குறைவு; கணிப்பு சரி. ஆனால் அதே காரணத்தால் தமிழ் இலக்கியத்தின் காலத்தை அவர் மிகவும் பின்தள்ளிவிட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். திராவிட மொழிகளுக்குச் சித்திய மொழிகளோடு உறவு கற்பித்ததையும் பின்வந்த அறிஞர் ஏற்கவில்லை. முன்னோடி போட்ட பாதை முழுதும் நேராக இருக்காது.

அவர் உழைப்பு இலக்கணத்தோடு நிற்கவில்லை. தமிழ் விவிலியத் திருத்தக் குழுவில் பல்லாண்டு பணிபுரிந்தார். பாண்டியரின் பழந்துறைமுகமாகிய கொற்கையிலும் காயலிலும் நிலத்தை அகழ்ந்து பார்த்து 1877இல் கட்டுரை வெளியிட்டார். கடல் பின்வாங்கியதால் துறைமுகம் உள்நாட்டு ஊராகிப்போன கதை அதனால் விளங்கிற்று. 1881இல் சென்னை அரசாங்கம் அவருடைய திருநெல்வேலி மாவட்ட வரலாற்றை வெளியிட்டது. கிளாஸ்கோ பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் தந்தது. 1877இல் உதவி அத்தியட்சர் ஆனார். அது தாது வருடப் பஞ்சம் நாட்டைத் தின்றுகொண்டிருந்த காலம்.

இவ்வளவு புகழ்ந்த பிறகு, எங்கள் தமிழ் மன்றக் கூட்டங்களில் பலரும் தொடாமல் விடுகிற செய்தி ஒன்றையும் எழுதுகிறேன். 1849இல் அவர் திருநெல்வேலிச் சாணார்கள் என்று ஒரு நூல் வெளியிட்டார். அன்று அப்பெயரால் அழைக்கப்பட்ட நாடார் மக்களைப் பற்றிய நூல். வெளிநாட்டில் உள்ள கிறித்தவர்களிடம் பணிக்கு ஆதரவு தேடும் நோக்கம் அதில் இருந்தது. அதில் அம்மக்களை இந்த மண்ணுக்கு வந்தேறிகள் என்றும், அறிவில் மந்தமானவர் என்றும் இழித்து எழுதிவிட்டார். யாரை? தமக்குக் கோயில் கட்டக் கல் சுமந்தவர்களை! தம் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பியவர்களை!

எழுதியது ஆங்கிலத்தில், படிக்கப்போவது சீமையில், இவர்கள் கண்ணில் எங்கே படப்போகிறது என்று எண்ணினார் போலும். ஆனால் பள்ளி அவரே வைத்த பள்ளிதானே? ஒரு தலைமுறை கழிந்தது. அவர் தொடங்கிய பள்ளிகளைப் போன்ற மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்றுத் தேறிய இளைஞர்கள் அந்நூலைக் கையில் எடுத்தனர். கொதித்தனர். மறுப்பு நூல்கள் அச்சிட்டனர். அரசுக்கும் திருச்சபைக்கும் விண்ணப்பம் எழுதினர். 1880களில் எதிர்ப்பு பெரிதாயிற்று. இறுதியில் அந்நூல் புழக்கத்திலிருந்து நீக்கப்பட்டது.

என் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே இந்தப் பகுதியைப் படித்தபோது கால்டுவெல்லின் பக்கம் நின்று படிக்க முடியவில்லை. அந்த இளைஞர்களின் பக்கம் நின்றே படித்தேன். நம்மைப் பற்றிப் பிறர் எழுதிவைத்ததை நாமே படிக்கும் நாள் வருவது சிறிய செய்தியா? இந்நூலைக் காட்டி ஒப்பிலக்கணத்தையே தள்ளிவிடலாம் என்பார் சிலர். ஒப்பிலக்கணத்தைக் காட்டி இந்நூலை மறைத்துவிடலாம் என்பார் வேறு சிலர். இரண்டும் எனக்கு உடன்பாடல்ல. காட்டில் வாழும் தோடரின் மொழிக்குத் தமிழோடு சமமாக இருக்கை போட்டவரும் அவரே. தம் வாசலில் நின்ற பனையேறியை இழித்தவரும் அவரே. இரண்டு நூலையும் ஒரே மேசையில் வைத்துத்தான் அவரைப் படிக்க வேண்டும். நெல்லைப் பேராசிரியர் ரா.பி. சேதுப்பிள்ளை அவருடைய சரிதத்தை அழகிய தமிழில் எழுதியிருக்கிறார். நம் நூலகத்தில் அதை எடுத்துப் படிக்குமாறு மாணவ நண்பர்களை வேண்டுகிறேன்.

முதுமையில், 1883இல், தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்து அங்கே கல்லூரி நடத்தினார். அவர் பெயர் தாங்கிய பள்ளி அந்நகரில் இன்றும் உண்டு. 1891 சனவரியில் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். ஊர் திரும்பிக் கிளாஸ்கோவில் இளைப்பாறலாமே என்று எவருக்கும் தோன்றும். அவர் போகவில்லை. உடல் நலிந்து கொடைக்கானல் மலையில் தங்கியிருந்தபோது, 1891 ஆகஸ்டு 28ஆம் நாள் உயிர் நீத்தார். மலையிலேயே அடக்கம் செய்திருக்கலாம். ஆனால் உடலை மலையிலிருந்து இறக்கி, இடையன்குடிக்கே கொண்டுவந்தனர். 33 ஆண்டு காத்திருந்து கட்டி முடித்த கோயிலில், அவர் களிமண்ணில் மாதிரி செய்து காட்டிய சாளரங்களின் ஒளி விழும் பீடத்தருகே, புதைத்தனர்.

எலைசா அம்மையார் அதன்பின் எட்டாண்டு வாழ்ந்தார். 1899இல் அவரும் மறைந்தபோது, கணவரின் பக்கத்திலேயே அவருக்கும் இடம் தந்தது இடையன்குடி.